மூணாவது ஆள்

நான் படிச்சது இன்ஜினியரிங், பிழைப்பு சாஃப்ட்வேர். உனக்கெதுக்குய்யா அணுக்கருன்னு கேக்காதீங்க :-) அண்ணாமலை யுனிவர்சிட்டியில எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சிட்டு இப்ப பேங்க்ல இருக்கற நண்பன், கடலூர்-சிதம்பரம் பஸ்ல சொன்னது இது.

ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்தா டியூட்ரான். பிரிக்கறதுக்கு 2.22 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வேணும். (நெய்வேலி நிலக்கரியில ஒரு கார்பன் அணு எரிஞ்சா கிடைக்கறது வெறும் 4 எலக்ட்ரான் வோல்ட்!) ரெண்டு பேருக்கு நடுவுல உள்ள விசையை 1995ல வந்த ஆர்கான் வி18 ஃபார்முலா ரொம்பத் துல்லியமா சொல்லுது.

"அப்ப இன்னொரு நியூட்ரான் சேர்த்தா மூணு ஜோடி. ஒரு லூப் போட்டா முடிஞ்சுது"ன்னேன். சிரிச்சான்.

அப்படிப் போட்டா டிரைட்டானுக்கு 7.62 மில்லியன்தான் வருதாம். நிஜத்துல 8.48. ஏன்னா, ஒருத்தர் அனுப்பற பயான் ரெண்டாவது ஆளைக் கிளப்பிவிட, அவர் விடற பயானை மூணாவது ஆள் வாங்கிக்கறாரு. ஜோடி ஜோடியா பார்த்தா இது கண்ணுலயே படாது. ஃபுஜிதாவும் மியாசாவாவும் 1957லயே எழுதிட்டாங்க.

ரிசர்ச்சை விட்டு வருஷமாச்சு, இந்த 8.48ஐ மட்டும் அவன் மறக்கல. ஹீலியம்-4 இன்னும் மோசம்னான்: ஜோடிக் கணக்குல 24 சொச்சம், நிஜத்துல 28.3.