அம்மம்மாவும் ஒரு மதிப்பீட்டுப் படிவமும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவது எம்மவர் மரபு. ஞாயிறு எழும் திசையும் படும் திசையுமே இப்பெயர்களுக்குக் காரணம். படுவான்கரையிலே, தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தால் பெயர்பெற்ற கொக்கட்டிச்சோலையில் என் அம்மம்மா வாழ்கிறார். மண்முனைத் துறையிலே 'பாதை' என்னும் மிதவைக்குக் காத்திருந்த நாட்களை அவர் இன்றும் நினைவுகூர்வார். 2014 இல் பாலம் திறக்கப்பட்டதோடு அக்காத்திருப்பு ஒழிந்தது. தாதியியல் மாணவியாகிய நான், ஒரு விடுமுறையின்போது குருதியமுக்கமானியும் படிவமும் கையுமாக அப்பாலத்தின் வழியே அவரிடம் சென்றேன்.

முதியவர் ஒருவரின் உடல்நலத்தை அவருடைய இல்லத்திலேயே மதிப்பிட்டு, பராமரிப்புத் திட்டமொன்றை வகுத்தல் எமது பயிற்சியின் ஒரு கூறாகும். தகவல் திரட்டல், பிரச்சினையை இனங்காணல், திட்டமிடல், செயற்படுத்தல், மீளாய்வு என்னும் ஐந்து படிகளும் எனக்கு மனப்பாடம். 1963 இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அளவுகோலின்படி, குளித்தல், உடுத்தல், மலசலகூடம் செல்லல், படுக்கையிலிருந்து எழுந்து நகர்தல், மலசலத்தை அடக்கல், உண்ணல் ஆகிய ஆறினையும் பிறர் துணையின்றிச் செய்கிறாரா என வினவினேன். அம்மம்மா ஆறுக்கு ஆறு பெற்றார்.

ஆயினும் எழும்போது தலைசுற்றுவதாக அவர் கூறினார். படுத்த நிலையில் குருதியமுக்கம் 138/80 ஆக இருந்தது. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் 112/70 ஆயிற்று. மேல் எண் 20 அல்லது அதற்கு மேற்பட வீழ்வது எச்சரிக்கையாகும். அவ்வாறு வீழ்பவர் நிலைதடுமாறி விழவும், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலாகவும் கூடும். தண்ணீர் எவ்வளவு அருந்துகிறார் எனக் கேட்டேன். "பொழுதுபட்டா நான் தண்ணி குடிக்கிறதில்ல" என்றார். "நீர் அருந்துவது போதாது, இரவிலும் அருந்துமாறு அறிவுரை வழங்கப்பட்டது" என எழுதிப் படிவத்தை மூடினேன்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். நள்ளிரவு கடந்து விழித்தபோது, அம்மம்மா சுவரைப் பற்றியவாறு பின்வாசலில் நின்றார். மலசலகூடம் வளவின் கோடியில் இருந்தது. வழியில் விளக்கில்லை, மாரி மழையில் நிலம் சேறாகியிருந்தது.

"ஏன் அம்மம்மா என்னை எழுப்பவில்லை?"

"படிக்கிற புள்ளட நித்திரையக் கெடுக்கலாமா மனே? இதுக்காகத்தானே நான் தண்ணி குடிக்கிறதில்ல."

எனக்கு நாணமாயிற்று. அவர் நீர் அருந்தாமை அறியாமையன்று. இருளில் விழாதிருக்க அவர் தாமே வகுத்துக்கொண்ட திட்டம். எனது அறிவுரையை அவர் ஏற்றிருந்தால், அந்தச் சேற்றுவழியில் அவரை இன்னும் பலமுறை நடக்கச் செய்திருப்பேன். மலசலகூடத்துக்குத் தாமே செல்கிறார் என மதிப்பெண் இட்ட நான், அந்த வழியை ஒருமுறையேனும் நடந்து பார்க்கவில்லை.

மறுநாள் புதிய தாளொன்றை எடுத்து, முதலில் கேட்டிருக்க வேண்டிய வினாவைக் கேட்டேன்: "உங்களுக்கு என்ன வேண்டும்?" "தேரன்று கோயிலுக்கு என்ட காலால நடந்து போகவேணும்" என்றார். அதனையே திட்டத்தின் இலக்காக எழுதினேன். வழிக்கு விளக்கு, பற்றிக்கொள்ளக் கம்பு, காலையிலிருந்து மாலைக்குள் போதிய நீர், எழுமுன் கட்டிலின் ஓரத்தில் சற்றே அமர்தல், இரவில் பாவிக்கப் படுக்கையருகே ஒரு பாத்திரம், இரு அளவீடுகளையும் மாத்திரைகளின் விபரத்தையும் கிளினிக் வைத்தியரிடம் காட்டுதல். பாத்திரத்தை அம்மம்மா மறுத்துவிட்டார்: "வீட்டுக்குள்ளயா?" அவ்வரியை அடித்தேன். தாய்வழி மரபின்படி அவ்வீடு சின்னம்மாவின் சீதனம். ஆகையால் பராமரிப்பும் அவர் கையிலேயே இருந்தது. விளக்கையும் கம்பையும் அவரே அமைப்பித்தார். வைத்தியர் மாத்திரையொன்றின் அளவைக் குறைத்தார். அடுத்த மாதம் நின்ற நிலையிலான அளவு 126/76. படுத்த நிலையில் 136/80.

படிவம் பயனற்றதென நான் கூறவில்லை. தலைசுற்றலை எண்ணாக்கி வைத்தியரிடம் சேர்ப்பித்தது அதுவே. ஆனால் முதியவர் ஒருவரின் ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அதனை அறியாது வகுக்கும் திட்டம் தீங்காகவும் முடியலாம்.

தேரன்று அம்மம்மா கோயிலுக்கு நடந்தே சென்றார். திரும்பும்போது முச்சக்கரவண்டியில் வந்தார். மீளாய்வுப் பகுதியில் இரண்டையும் எழுதினேன்.