பூம்பாறைக் குளிரும் பரங்குன்றத்து எர்த்தும்

தை மாதம். கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி வேனை நிறுத்தினோம். மைத்துனர் ஆசையாகப் படுக்கை, அடுப்பு, டீசல் ஹீட்டர் எல்லாம் வைத்துக் கட்டிய வண்டி. இருட்டியதும் ஹீட்டர் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது; கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. டீசல் இருக்கிறது, ஃபியூஸ் போகவில்லை, பேட்டரியும் 12.3 வோல்ட் காட்டுகிறது.

"கரியை மூட்டி உள்ளே வச்சுக்கங்க" என்றார் டீக்கடைக்காரர். கதவை அடைத்துக் கரி அடுப்போடு தூங்கி, கார்பன் மோனாக்சைடால் இறந்துபோனவர்கள் கொடைக்கானலிலேயே உண்டு. டீசல் ஹீட்டரின் புகை தனிக்குழாயில் வெளியே போய்விடும்; கரிப்புகை எங்கே போகும்? இருந்த கம்பளிகளையெல்லாம் போர்த்திக்கொண்டு விடியவிட்டோம்.

காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஹீட்டர் ஜோராக எரிந்தது. வத்தலக்குண்டு வருவதற்குள் வியர்த்து, நாங்களே அணைத்தோம்.

திருப்பரங்குன்றத்தில், முருகனின் முதல் படைவீட்டைச் சுமக்கும் அந்த ஒற்றைப் பாறை மலை தெரிகிற ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் கதையைக் கேட்டார். "ஓடுறப்ப எரியுது, நின்னா மக்கர் பண்ணுதா? அப்ப ஹீட்டர் மேல கை வைக்காதீங்க தம்பி."

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை ஹீட்டரின் நெகட்டிவிலும் வைத்தார். பூஜ்யம். "இப்ப சுவிட்சைப் போடுங்க." 1.6 வோல்ட்! எர்த்து வழியிலேயே அவ்வளவும் போய்க்கொண்டிருந்தது. பாசிட்டிவ் பக்கம் இன்னொரு அரை வோல்ட்.

பற்றவைக்கும்போது டீசல் ஹீட்டரின் குளோ பிளக் 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். எங்கள் வண்டியில் எர்த்து ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர்; அதையும் பெயின்ட் சுரண்டாத சேஸிஸில் முடுக்கியிருந்தார்கள். நின்ற வண்டியில் ஹீட்டருக்குப் போய்ச் சேர்ந்தது 10 வோல்ட்தான். பத்தரைக்குக் கீழே இறங்கினால் அது தானாகவே நின்றுவிடும். இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுக்கும். வழியில் இரண்டு போனாலும் மிச்சம் போதும்.

"சும்மா நிக்கிறப்ப எல்லா ஒயரும் நல்ல ஒயருதான்" என்றார் அண்ணன். "கரன்ட்டு ஓடுறப்ப அளந்தாத்தான் யோக்கியதை தெரியும்."

6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் புது லக் அடித்து, நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனார். இழப்பு 0.2க்கு இறங்கியது. உச்சிவெயிலில் ஹீட்டர் அனலடிக்க, எட்டிப்பார்த்த ஆட்டோக்காரர் "ஏசி ரிப்பேரா?" என்றார்.

மலைக்குப் போகிறவர்கள் கீழேயே, இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு தடவை ஹீட்டரைப் பற்றவைத்துப் பாருங்கள். பேட்டரியில் காட்டுகிற வோல்ட்டை நம்பாதீர்கள். எரியத் தொடங்கும் அந்த ஒரு நிமிடத்தில், ஹீட்டரின் முனையில் மீட்டரை வையுங்கள்.