சும்மா கிடைத்த பெற்றோல்

இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பிக்கு அவனுடைய கம்பனி ஒரு மோட்டார் வண்டி கொடுத்தது. சொந்தப் பயணங்களுக்கும் பெற்றோல் தந்தது. "அண்ணை, பெற்றோல் எனக்குச் சும்மா" என்று அவன் தொலைபேசியில் சொன்ன அன்றே அம்மா அதை அயலெங்கும் சொல்லி முடித்துவிட்டார்.

சில மாதங்களின் பின் அவன் குரலில் அந்த உற்சாகம் இல்லை. வண்டிக்கும் பெற்றோலுக்குமாகச் சம்பளத்தில் வரி கூடுதலாகக் கழிகின்றதாம். அம்மாவின் மருந்துச் செலவுக்கு அனுப்பும் பணத்தைச் சிறிது குறைக்க வேண்டியிருக்கும் என்றான். இதற்குள், கட்டிய வரிக்குப் பயன் காணவேண்டுமென்று ஞாயிறுதோறும் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, போக இடமின்றி ஓடித் திரிந்திருக்கின்றான். சிரிப்பதா, இரங்குவதா?

நான் கணிதம் கற்பிப்பவன். விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். எவ்வளவு பெற்றோல் செலவாயிற்று என்று அந்நாட்டு வரிமுறை பார்ப்பதில்லை. அரசாங்கம் ஒரு தொகையை வகுத்து வைக்கின்றது. 2003 ஏப்ரலில் அது 14,400 பவுண். 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டில் 28,200. வண்டி வெளிவிடும் காபனீரொட்சைட்டின் அளவுக்கேற்ப, அத்தொகையில் ஒரு வீதம் வருமானமாகக் கொள்ளப்படும். தம்பியின் வண்டிக்கு நூற்றுக்கு 30; அதாவது 8,460 பவுண். அவன் நூற்றுக்கு 40 வரி செலுத்தும் படியில் நிற்பவன். ஆகவே பெற்றோலுக்கு மட்டும் வரி 3,384 பவுண். வண்டிக்கான வரி வேறு.

லீற்றர் ஒன்றரைப் பவுண் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணத்துக்கு 2,256 லீற்றர் வாங்கலாம். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் வீதம் ஏறக்குறைய 33,800 கிலோமீற்றர் ஓடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு நாற்பது முறை போய்வரும் தூரம்! ஓராண்டில் அவ்வளவு தூரம் சொந்த அலுவலாக ஓடினாற்றான் வரிக்கும் பெற்றோலுக்கும் சரி. அவனோ ஞாயிற்றுச் சுற்றுக்களைச் சேர்த்தும் அதில் மூன்றிலொரு பங்கு ஓடவில்லை. நூற்றுக்கு 20 வரி செலுத்துபவருக்கு இத்தூரம் பாதியாகும். தொலைவிலிருந்து நாள்தோறும் வேலைக்கு ஓடும் அத்தகையவருக்கு இது இலாபமாகவும் கூடும்.

"பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தால்?" என்றான். அதற்கும் இடமில்லை. சொந்தப் பயணத்துப் பெற்றோல் முழுவதற்கும் விலை கொடுத்தாலன்றி அவ்வரி நீங்காது. சில லீற்றர் பாக்கி நின்றாலும் முழு வரியும் விழும். வீட்டிலிருந்து அலுவலகம் போவதும் சொந்தப் பயணமே!

சொந்தப் பெற்றோலைக் கம்பனியிடம் வாங்குவதை விட்டுவிடு என்றேன். ஆண்டின் நடுவில் விட்டாலும், அவ்வாண்டிலேயே மீண்டும் பெறாதிருந்தால், எஞ்சிய காலத்துக்கு வரி இல்லை. அவன் தயங்கினான். கணக்கு அவனுக்கு விளங்காமலில்லை. "அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாவே, அண்ணை" என்றான்.

அடுத்த மாதம் விட்டுவிட்டான். அம்மாவுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. முழுக் கணக்கையும் பொறுமையாகக் கேட்டிருந்த அம்மா, கடைசியில் ஒன்றே கேட்டார்:

"அப்ப பிள்ளை இனி வேலைக்கு நடந்தோ போறது?"