மாரிக் காய்ச்சல்

எங்கள் பக்கத்திலே காய்ச்சலுக்கும் ஒரு பருவமுண்டு. மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டின் எல்லையிலே, ஒரு புறம் கடலும் மறு புறம் வயலுமாகக் கிடப்பது முள்ளிக்குளம். ஐப்பசியில் மழை இறங்கியதும் காலபோக விதைப்புத் தொடங்கும். வலை இழுத்த கைகளிற் பல அந்நாட்களில் மண்வெட்டி பிடிக்கும். 2007 செப்டெம்பரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, பின்னர் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டுக்கொண்டபோதும் மழையும் சேறும் எங்களை விட்டு நீங்கவில்லை. பயிர் தலைகாட்டும் வேளையில் யாராவது ஒருவர் நடுக்கத்தோடு பாயில் விழுவார். கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அதோடு சுகம் வந்துவிடும். சுகம் வராதவர்களைப் பற்றியே இங்கு எழுத எண்ணினேன்.

முன்னாளில் இத்தகைய காய்ச்சலை மலேரியா என்று கூறிவிடலாம். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த பின் அப்பெயர் வழக்கொழிந்து போயிற்று. எலிக்காய்ச்சலை வயலவர் யாவரும் அறிவர். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்றுண்டு. அதற்கு நம்மிடையே வழங்கும் தமிழ்ப் பெயர்கூட இல்லை. மெலியோய்டோசிஸ் என்பர் வைத்தியர்கள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பற்றீரியா, காலிலுள்ள சிறு கீறல் வழியாகவோ மூச்சோடோ உடலுட் புகுந்து இரத்தத்திற் பரவுவதே அந்நோய். நீரிழிவுகாரரை அது தேடிப் பிடிக்கும்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் ஒன்றிலே, நோயாளரின் இரத்தத்திலிருந்து கிருமிகளை வளர்த்தெடுக்கும் தொழில் செய்பவள். "கிருமியை ஒழிப்பார்களா, வளர்ப்பார்களா?" என்று என் தாயார் கேட்பதுண்டு. ஒழிப்பதற்கு முன் அதன் முகத்தைப் பார்த்தாக வேண்டுமே! சுகதேகியின் இரத்தத்திலே கிருமி தங்குவதில்லை. இரத்தத்தில் நோய்க்கிருமி பரவிய நோயாளியிடத்துங்கூட, ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஒரு கிருமி இருந்தாலே பெரிது என்னும் நிலை பல வேளைகளில் உண்டு. ஆகையினாற்றான் வளர்ந்தவர்களிடம் ஒரு போத்தலுக்கு எட்டு முதல் பத்து மில்லிலீற்றர் வரை இரத்தம் கேட்கிறோம். ஒரு முறையோடு நில்லாமல் வேறோரிடத்திற் குத்தி இரண்டாம் முறையும் எடுக்கிறோம். போத்தலிலுள்ள வளர்ப்பூடகத்திலே, உடற்சூட்டில், ஐந்து நாள்வரை அந்த இரத்தம் காத்திருக்கும்.

என் தாய்மாமன் ஒருவர் ஒரு மாரியில் இந்நோய்க்கு ஆளானார். வயது ஐம்பத்தைந்து; நீரிழிவு பத்து வருடமாக உண்டு; வெறுங்காலோடு சேற்றில் நின்று விதைத்தவர். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் ஒரு தனியார் மருந்தகத்தில் ஊசி போட்டு, கடித உறையில் மாத்திரைகளும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். உறையில் மருந்தின் பெயர் இல்லை. "காலை 1, மாலை 1" என்று மட்டும் இருந்தது. காய்ச்சல் தணிந்தது, ஆனால் விடவில்லை. ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிற் சேர்த்து இரத்தம் எடுத்தபோது, போத்தலில் ஐந்து நாளும் ஒன்றும் வளரவில்லை. அரைகுறை மருந்து கிருமியைக் கொல்வதில்லை. ஆனால் போத்தலில் அது வளராதபடி வாயடைக்கச் செய்துவிடும். நோயாளியின் உடலுக்குள்ளே கிருமி இருக்கிறது, எங்கள் கண்ணுக்கு மட்டும் இல்லை. இதனைவிட இடர்ப்பாடான நிலை எங்கள் தொழிலில் வேறில்லை.

மறுபடி காய்ச்சல் ஏறிற்று. மருந்தை மாற்றுவதற்கு முன் இன்னொரு முறை இரத்தம் எடுக்க வைத்தியர் தீர்மானித்தார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்பில இரத்தமே இல்லாத மனிசனிட்ட இன்னும் எடுக்கப் போறியளே, பிள்ளை?"

"மாமி, நாலு தேக்கரண்டிதான். மாமாவின்ர உடம்பில அஞ்சு லீற்றர் மட்டில இருக்கு."

மாமி சமாதானம் அடைந்ததாகத் தோன்றவில்லை. எனினும் கையை விட்டார். இம்முறை இரண்டாம் நாளே போத்தல் பேசிற்று.

இக்கிருமியின் வரலாறு சுவையானது. 1911ஆம் ஆண்டில் றங்கூன் நகரத்து ஆஸ்பத்திரியிலே, பிரேத பரிசோதனை செய்த அல்பிரட் விற்மோர் என்ற வைத்தியரும் அவருடைய உதவியாளரான சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் இதனை முதன்முதற் கண்டு, மறு வருடம் உலகுக்கு அறிவித்தார்கள். (கிருஷ்ணசுவாமி என்ற பெயரைப் படித்தபோது எனக்கு அயல்வீட்டுக்காரரைக் கண்டாற்போல் இருந்தது.) இலங்கையில் முதல் நோயாளி பற்றிய அறிக்கை 1927இல் வெளிவந்தது. அதன் பின் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய மௌனம். நோய் இல்லாமற் போனதா? இல்லை, தேடுவார் இல்லை. இது வளர்ந்தபோதும், தண்ணீர்க் குழாயிலும் சுவரிலும் இருக்கும் சாதாரண கிருமியென்று கருதி எறியும் வழக்கம் பல நாட்டு ஆய்வுகூடங்களில் இருந்தது. 2006ஆம் ஆண்டு முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியலாளர் ஏனோக்கா கொறியாவும், பேராதனையில் பணியாற்றிய பேராசிரியை வசந்தி தேவநேசனும், அவர்களோடு சேர்ந்தவர்களும் நாடெங்குமுள்ள ஆய்வுகூடங்களைக் கேட்டு வாங்கித் தேடத் தொடங்கினார்கள். தேடத் தேட நோயாளர் தொகை ஏறிற்று. நீரிழிவுள்ள, மண்ணோடு புழங்கும் கிராமத்தவரே அவர்களிற் பெரும்பான்மையோர்.

எறியப்படும் கிருமியை எறியாமற் காப்பது எது? சாயமோ நுணுக்குக்காட்டியோ அன்று, மருந்து வில்லைகளே. அந்தச் சோதனையைச் சற்று விரித்துக் கூறவேண்டும். ஏகார் நிரப்பிய தட்டொன்றிலே கிருமியைப் புல்வெளிபோல் ஒரு சீராகப் பூசி, அதன்மேல் ஆறு மில்லிமீற்றர் குறுக்களவுள்ள கடதாசி வில்லைகளை வைப்போம். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு நுண்ணுயிர்க்கொல்லி, அளவறிந்து ஊறவைக்கப்பட்டிருக்கும். இரவு முழுவதும் 35 பாகை சூட்டில் வைத்து எடுத்தால், கிருமிக்கு எதிரான மருந்தைச் சுற்றித் தெளிந்த வட்டம் தோன்றும். எதிரல்லாத மருந்தின் விளிம்புவரை கிருமி வளர்ந்து நிற்கும். வட்டத்தை அளவுகோலால் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுவோம். 1966இல் அமெரிக்காவிலே பௌவர், கேர்பி முதலானோர் ஒழுங்குபடுத்திய முறை இது, செலவு குறைந்தது, ஏழை நாடுகளின் பெருந்துணை.

மாமாவின் தட்டிலே ஜென்டமைசின் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. கொலிஸ்டினும் அவ்வாறே. அவற்றின் பக்கத்திலே கோ-அமொக்சிகிளாவைச் சுற்றி நல்ல வட்டம். இம்மூன்றும் இவ்வாறு சேர்ந்து நின்றால், அது வெறும் மருந்துப் பட்டியல் அன்று. கிருமியின் பெயரே அங்கு எழுதப்பட்டிருக்கிறது எனலாம். இதிலும் ஒரு விநோதம் உண்டு. போர்னியோத் தீவின் சராவக்கிலே இதே கிருமி பெரும்பாலும் ஜென்டமைசினுக்கு அடங்கிவிடுகிறது. அங்கே இந்த அடையாளம் உதவாது. ஆகவே பிறநாட்டுப் புத்தகத்தை மட்டும் நம்பியிராமல் அவ்வவ்விடத்துத் தட்டைப் பார்த்தே தீரவேண்டும். நாலாம் நாள் அந்தக் கிருமிக்கூட்டம் வரண்டு, சுருக்கம் விழுந்து, காய்ந்த பூப்போல் ஆயிற்று. மழை பெய்த மண்ணின் வாசனை இதற்கு உண்டென்று நூல்கள் கூறும். நான் மோந்து பார்க்கவில்லை. ஆய்வுகூடத்தவரையே பிடிக்கக்கூடிய கிருமியாகையால் அது கண்டிப்பாக விலக்கப்பட்டது.

அறிவதனால் என்ன பயன் என்பவர்க்கு ஒரு கணக்கு. தாய்லாந்தின் உபோன் நகரத்து ஆஸ்பத்திரியிலே கடும் மெலியோய்டோசிஸ் கண்டவர்களுள், பழைய மருந்துக் கலவையைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் இறந்தார்கள். செஃப்டசிடைம் பெற்றவர்களில் 37 பேர். 1989இல் வெளிவந்த முடிவு இது. பாதிப் பேரின் உயிர், ஊசியின் பெயர் மாறியதனால் மாத்திரம் மீண்டது! சரியான ஊசியைத் தேர்வதற்குக் கிருமியின் பெயர் வேண்டும். பெயருக்கு, முதல் மருந்துக்கு முன் எடுத்த இரத்தம் வேண்டும். "இரத்தம் எடுத்தாயிற்றா, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பது தவறல்ல. நோயாளி மயங்கிக் கிடந்தால் மருந்தைத் தாமதிக்கச் சொல்வது பெருந்தவறு. எனினும் இரத்தம் எடுப்பதற்குச் சில நிமிடமே போதும்.

மாமாவுக்கு மூன்று வாரம் நாளத்தில் மருந்து ஏறிற்று. அதன் பின்னும் மூன்று மாதம் கோ-டிரைமொக்சசோல் மாத்திரைகள். (இம்மருந்தின் வட்டத்துக்கு மட்டும் விளிம்பு மங்கலாக இருக்கும். அதனை அளப்பதில் ஆய்வுகூடத்தவர் படும் பாட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) காய்ச்சல் இல்லாத மனிதரை மூன்று மாதம் மாத்திரை விழுங்கச் செய்வது, காய்ச்சல்காரரைக் காப்பாற்றுவதிலும் கடினம். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். "சுகம் வந்திட்டுது, இனி எதுக்கு?" என்று அவர் தினமும் கேட்டார். மாமி பதில் சொல்லவில்லை; சுவர்க் கலண்டரிலே வேளைக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். புள்ளிகள் முடிந்தன. நோய் திரும்பவில்லை.

அடுத்த விதைப்புக்கு முழங்கால் அளவு றப்பர்ச் சப்பாத்து ஒரு சோடி வாங்கிச் சென்றேன். போட்டுக்கொண்டு வயலில் இறங்கினார்; பத்து அடி வைப்பதற்குள் ஒரு கால் சேற்றில் மாட்டிக்கொண்டது.

"இதைப் போட்டால், என்னை இழுக்க ரெண்டு பேர் வேணும், பிள்ளை," என்றார்.

இப்போது விதைப்பை மகனிடம் விட்டுவிட்டு வரம்பில் நிற்கிறார். மகனும் வெறுங்காலோடுதான் இறங்குகிறான். அவனுக்கு நீரிழிவு இருக்கிறதா என்று இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. வருகிற கிழமை இரத்தம் எடுக்கச் சம்மதித்திருக்கிறான்.