தண்ணி விழுதா?

ராஜபாளையம் தாண்டியதும் பஸ்ஸின் வலப்பக்க ஜன்னல் முழுக்க மலை. கமுதிப் பக்கத்துக்காரிக்கு இது லேசான விஷயமில்லை. எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக்கருவேலம், அதற்கப்பால் கானல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. "கழுத்து சுளுக்கிக்கிடும் தாயி. நீ எறங்குற வரைக்கும் அது கூடத்தான் வரும்" என்றார்.

புளியங்குடியில் பஸ் நின்றபோது எலுமிச்சை வாசம் உள்ளே ஏறியது. மார்க்கெட்டுக்குப் போகிற மூட்டைகள். கடையநல்லூர் வருவதற்குள் வெயில் இருந்த இடம் தெரியவில்லை. கண்ணாடியில் துளி விழவில்லை. ஆனால் நீட்டிய கை நனைந்திருந்தது. சாரலாம்! பெய்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத ஒரு மழையை நான் அதுவரை கண்டதில்லை. எங்களுக்கு மழை வந்தால் தெருவே வாசலுக்கு வந்துவிடும்.

தென்காசியில் இறங்கிக் காசி விஸ்வநாதர் கோயில் முன்னால் நின்றேன். ஏறக்குறைய 180 அடி ராஜகோபுரம். அண்ணாந்து பார்ப்பதற்குள் காற்று முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுக் கணவாயில் கொஞ்சம் வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பாய்கிறது. யோசித்துப் பார்த்தால் எங்களூரில் புழுதியை வாரிக் கண்ணில் கொட்டும் ஆடிக்காற்றும் இதுதான். மழையையெல்லாம் மலையிலேயே இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு எங்களிடம் வந்து சேர்கிறது. ஓரவஞ்சனைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

15-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் காலில் விழுகிறேன் என்று கல்வெட்டில் சொல்லி வைத்திருக்கிறான். நெடுங்காலம் சிதைந்து கிடந்த கோபுரம் 1990-ல் மறுபடி எழுந்து நின்றது. பணத்தைப் போட்டுவிட்டு, பராமரிக்கப் போகிறவனை இப்படிக் கும்பிட்ட இன்னொரு முதலீட்டாளரை நான் கேள்விப்பட்டதில்லை.

குற்றாலத்துக்கு ஆட்டோ. இந்த வட்டாரத்தில் யாரும் யாரிடமும் முதலில் சௌக்கியம் விசாரிப்பதில்லை, "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். "விழுதுக்கா. நேத்து ஆர்ச்சுக்கு மேல போயிட்டு, போலீஸ் குளிக்க விடல. இன்னைக்கு எறங்கிட்டு" என்றார் ஓட்டுநர். பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. தண்ணீர் அதைத் தாண்டிக் கொட்டினால் குளியல் ரத்து. அணைக்கு அடிக்கணக்கு மாதிரி இவர்களுக்கு ஆர்ச்.

அருவியைக் காதுதான் முதலில் பார்த்தது. பிறகு மூக்கு: ஈரப் பாறை, நல்லெண்ணெய், வாழைக்காய் பஜ்ஜி. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் கூடாதென்று உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது; இருந்தும் பாறை இடுக்கில் ஷாம்பு பாக்கெட் மினுக்கியது. பெண்கள் பகுதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடுங்கினேன். தாலிச்சரடைப் பல்லில் கடித்தபடி நின்ற ஒரு பெரியம்மா, கடித்த பல்லோடே, "உள்ள வா புள்ள, வெளிய நின்னாத்தான் குளுரும்" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

ஐயோ! மூச்சு எங்கே போயிற்றென்று தேடினேன். கண்ணைத் திறந்தால் வெள்ளை, காதில் இடி, தோளில் சரமாரியாக அடி. ஏறக்குறைய அறுபது மீட்டர் உயரத்திலிருந்து வருகிற தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அதன் பிறகுதான் நம் தலைக்கு வருகிறதாம். தணிந்தே இப்படி! பக்கத்துப் பாறையில் செதுக்கிய சிவலிங்கங்கள் சாவகாசமாக நனைந்துகொண்டிருந்தன. எனக்கு இந்தப் பக்கம் பட்டுப்பாவாடையோடு ஒரு சிறுமி, அந்தப் பக்கம் மலையாளத்தில் கூவும் ஒரு சேச்சி. குடிக்கிற தண்ணீரைக் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிற ஊர்க்காரி, ஓர் ஆற்றையே தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். கேட்பாரில்லை, டிக்கெட்டும் இல்லை.

குளித்த நடுக்கத்தோடு அருவியை ஒட்டிய குற்றாலநாதர் கோயிலுக்குள் போனால், சுவாமிக்கும் அதே பாடுதான். அகத்தியர் கை வைத்து அழுத்தியதில் வந்த தலைவலிக்குத் தைலம். ஓயாத ஈரத்துக்குச் சுக்குக் கஷாயம் நைவேத்தியம். எங்கள் ஊர்ச் சாமிகள் கஷாயம் கேட்டதாக நினைவில்லை. சற்றுத் தள்ளி சித்திரசபை. நடராஜர் இங்கே சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். அந்தக் குளிரில் அவர் ஒருவருக்குத்தான் கால் விறைக்கவில்லை.

வெளியே ரம்புட்டான், மங்குஸ்தான் குவியல்கள். துரியனை மோந்து பார்த்தேன், அதோடு சரி.

ஐந்தருவி போகும் வழியெல்லாம் ரிசார்ட் பலகைகள். "மூணு மாசம் ஓடுறதுதான்க்கா வருசத்துக்குச் சோறு. அப்புறம் கார்த்திகை, மார்கழில ஐயப்பசாமிமாரு வருவாங்க. மிச்ச நாளு ஸ்டாண்டுல பேப்பர் படிக்கணும்" என்றார் ஓட்டுநர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை 2023, சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து தந்து முதலீட்டை அழைக்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் முதலீடு இங்கே வந்து முதலில் கண் வைத்தது எதன் மேல் தெரியுமா? ஓடையின் மேல். தனியார் விடுதிகள் சில, இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தங்கள் வளாகத்துக்குள்ளேயே செயற்கை அருவி விழ வைத்ததாக வழக்குப் போய், நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 நவம்பரில் உத்தரவிட்டது. ரூம் எடுத்தவருக்கு மட்டும் விழும் அருவி! கையைப் பிடித்து இழுக்க அங்கே எந்தப் பெரியம்மா இருப்பார்?

சீசன் பிழைப்பு நமக்கு மட்டுமா என்ன. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா 1965-ல் சுதந்திரம் பெற்றது; அடுத்த குளிர்காலமே ஸ்வீடன்காரர்கள் கூட்டமாக அங்கே போய்க் கடற்கரையில் படுத்துக்கொண்டார்கள். அவர்கள் வெயிலைத் தேடிப் பறக்கிறார்கள், நாம் வெயிலுக்குப் பயந்து ஓடி வருகிறோம். அங்கும் சில மாதம் கூட்டம், பிறகு காலி அறைகள். தங்கல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவிலேயே பணம் கட்டிவிட்டு வருகிறவர், ஓட்டலுக்கு வெளியே தேங்காய் விற்கிறவரிடம் எவ்வளவு செலவழிப்பார்? நம் ஓட்டுநர் அந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. இங்கே வருகிறவர் கையில் துண்டோடும் பசியோடும் தெருவில்தான் நிற்கிறார்.

பழைய குற்றாலத்தில் மட்டும் சிரிப்பு நின்றது. 2024 மே 17 அன்று திடீர் வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவனை இந்த அருவி கொண்டுபோனது. கீழே சாரல்கூட இல்லாதபோதும் மேலே காட்டில் பெய்வது சற்று நேரத்தில் தலைக்கு வந்துவிடும். ஆண்டுதோறும் சாரல் விழாவுக்கு மேடை போடுகிறோம். காட்டுக்குள் பெய்கிற மழையைக் கீழே நிற்பவருக்கு உடனே சொல்கிற ஏற்பாட்டுக்குத்தான் முதல் பணம் போகவேண்டும் என்று எனக்குப் பட்டது.

ராத்திரி செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டா. வாழையிலையில் ஆவி பறக்க வந்தது. கோழியின் மிளகுக் காரத்தில் அருவி விட்டுப்போன குளிர் மூக்கு வழியாக இறங்கியது.

காலையில் சுந்தரபாண்டியபுரம். 'அந்நியன்' படப் பாட்டுக்காகப் பெயிண்ட் அடித்த பாறையையும் ஆடி மாதச் சூரியகாந்தி வயல்களையும் பார்க்கக் கேரள வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எந்தக் கொள்கையும் எந்த மாநாடும் போட்டுத் தராத சுற்றுலா. வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த வயல்கார அம்மாவிடம், பூவுக்கு இந்த வருசம் நல்ல விலையா என்று கேட்டேன். "அது அறுத்தாத்தான் தெரியும். போட்டோவுக்கு இருவது ரூவா. செடிய மிதிக்காம நில்லு" என்றார்.