உச்சி வெயில்

உச்சி வெயிலில் முனி நடமாடும், வெளியே போகாதே என்று கெலமங்கலம் பக்கத்தில் பிள்ளைகளை மிரட்டுவார்கள். மிரட்டிய என் பாட்டி, அவ்வா, அந்த நேரத்தில்தான் களத்தில் ராகியைக் கிளறிக்கொண்டிருப்பாள். தலையில் துண்டு, கைகள் முழங்கைக்கு மேல்வரை வெயிலில். முனிக்கும் அவளுக்கும் ஏதோ உடன்படிக்கை. எழுபது தாண்டியும் குடத்தை இடுப்பில் வைத்து மேடேறினாள். எல்லாம் களியின் பலம் என்பார் அப்பா. ராகியில் கால்சியம் நிறைய உண்டுதான். வைட்டமின் டி போதாத உடம்பில் பெரும்பகுதி சேராமலே வெளியேறிவிடும்.

அதே களியைத் தின்று வளர்ந்தவள்தான் அக்கா மகள். ஓசூர்ப் பக்கம் ஓர் ஆலையில் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ், நாளெல்லாம் ஏசி ஹால், உச்சி முதல் பாதம் வரை மூடிய உடுப்பு. நைட் ஷிப்ட் வாரத்தில் ஹாஸ்டலில் பகலெல்லாம் திரையை இழுத்துவிட்டுத் தூக்கம். இருபத்து மூன்று வயதில் படியேறத் தொடை வலிக்கிறது என்றாள். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் வாரம் ஒன்றாக 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரை எழுதினார்.

"பஸ்ல ஜன்னல் சீட்டுதான் மாமா. கைகூடக் கறுத்துப்போச்சே?"

கறுக்க வைக்கும் கதிர் கண்ணாடியைத் தாண்டும். வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர் தாண்டாது.

சிப்காட் வந்தபின் வெயிலிலிருந்து தப்பியதுதான் எங்கள் ஊருக்குக் கௌரவம். நிழலில் உத்தியோகம் என்றால் மாப்பிள்ளைக்கு மவுசு. ஓசூர் ராமநாயக்கன் ஏரிக்கரையில் விடிகாலையில் நடப்பவர்கள் இளவெயிலின் பெருமை பேசுவார்கள். நடைக்கு நல்லதுதான், ஆனால் சூரியன் சாய்ந்திருக்கையில் அந்தப் புற ஊதா பி கதிரைக் காற்றுமண்டலமே பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. நமக்கு அதிகத் தூரமில்லாத திருப்பதியில் ஆய்வாளர் ஹரிநாராயண் குழுவினர், வைட்டமின் டி ஆக மாறும் தோலின் மூலப்பொருளைக் குப்பிகளில் அடைத்து வேளைக்கு வேளை வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளிவந்த அந்த ஆய்வில் வைட்டமின் டி நன்றாக விளைந்த நேரம் காலை 11 முதல் மதியம் 2 வரை. அவ்வா ராகி கிளறிய நேரம்.

கடிகாரம் வேண்டாம், நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருந்தால் போதும். கையும் காலும் வெயில் படக் கொஞ்ச நேரம் நிற்கலாம். நம்முடையதைப் போன்ற கறுத்த தோலுக்கு வெள்ளைக்காரர்களைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். தோல் காந்துமுன் நிழலுக்கு வந்துவிட வேண்டும். நாளெல்லாம் காய்வதில் லாபமில்லை, உபரியை வெயிலே சிதைத்துவிடும். மாத்திரைக்கு அந்தத் தயவு கிடையாது. டாக்டர் சொன்னதற்கு மேல் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம்வரை கெடும்.

சாப்பாட்டு இடைவேளையில் வெளியே நில்லேன் என்றேன். கேன்டீன் ஹாலுக்குள்ளேயே இருக்கிறதாம். கேட்டைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டுமாம். எனவே ஞாயிறு மதியம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறாள், வேண்டுமென்றே மெதுவாக.

விஷயம் அக்காவின் காதுக்குப் போய்விட்டது. உடனே போன்: "பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல அவளை வெயில்ல நிக்கச் சொன்னியாமே, உனக்கு அறிவிருக்காடா?"