புல்லுருவி அன்று

மரத்தின்மேல் முளைத்தது எதுவாயினும் அதைப் புல்லுருவி என்று சொல்லிச் சுரண்டி எறிந்துவிடுவது நம்மவர் வழக்கம். பிழைப்பைத் தேடி வேற்றூரில் குடியிருக்கும் நம் போன்றோர் செவிக்கு அச்சொல் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. ஆகையால், கௌஹாத்தி மாலிகாவ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டு மாமரத்தில் வளரும் கொப்பௌ என்னும் செடியைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

புல்லுருவி தன் வேரைக் கிளைக்குள் செலுத்தி, மரத்தின் நீரையும் உப்புச் சத்தையும் உறிஞ்சிப் பிழைப்பது. கொப்பௌவோ ஆர்க்கிட் இனத்தைச் சேர்ந்தது. அதன் வேர்கள் பட்டையைப் பற்றிக்கொள்ளுமேயன்றி உள்ளே புகமாட்டா. வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிறப் போர்வை ஒன்றுண்டு. மழைநீரையும், பட்டைமேல் வழிந்து வரும் தூசியிலுள்ள சத்தையும் அதுவே ஏற்றுக்கொள்கிறது. மரம் அளிப்பது இடமும் நிழலும் மாத்திரமே. என் தாயார் இதை இன்னும் முற்றிலும் ஒப்பவில்லை. ஆயினும் சுரண்டச் சொல்வதை நிறுத்திவிட்டார். இச்செடி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு என்று சொன்ன பிறகே அந்த மாறுதல் ஏற்பட்டது!

நாம் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடும் நாட்களிலேயே இங்கு பொஹாக் பிஹு வருகிறது. வெண்மையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இட்டு, நரிவால் போல் நீண்டு தொங்கும் இப்பூங்கொத்தைப் பெண்கள் கொண்டையில் சூடி ஆடுவார்கள். இவ்வூரிலேயே பிறந்த என் மகளும் பள்ளி விழாவில் அவ்வாறே ஆடினாள்.

வளர்ப்பது கடினமன்று. மண்ணில் புதைத்தால் வேர் அழுகிவிடும். மாடி வீட்டில் இருப்போர் மரக்கட்டையிலோ, கரித்துண்டுகள் இட்ட துளைக்கூடையிலோ கட்டித் தொங்கவிடலாம். காலையில் வேர் பசுமை நிறம் கொள்ளும் வரை நீர் தெளிக்க வேண்டும். மாலைக்குள் அது மறுபடி வெளுத்துவிட்டால் காற்றோட்டம் போதுமென்று அறியலாம். குருத்தில் நீர் தங்கலாகாது. நடுப்பகல் வெயிலும் ஆகாது. மார்கழி, தைக் குளிரில் நீரைக் குறைத்துவிட வேண்டும். வாங்க விரும்புவோர் பண்ணையில் வளர்த்ததையே வாங்குக. காட்டிலிருந்து பிடுங்கி வந்ததைத் தொடவேண்டாம். தூள் போன்ற இதன் விதை, ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றிக் காட்டில் முளைப்பதில்லை. முளைத்தாலும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

இப்பொழுது எனக்கு மாற்றல் உத்தரவு வந்துள்ளது. செடியையும் உடன் கொண்டுவர வேண்டுமென்று மகள் அழுகிறாள். பட்டையோடு ஒட்டிய வேரைப் பிய்த்தால் முறிந்துவிடும். ரயிலில் மூன்று நாள் பயணம் வேறு. விட்டுச் செல்வதென்றே தீர்மானித்திருக்கிறேன். அடுத்துக் குடிவருபவர் யாரோ அறியேன். அது புல்லுருவி அன்று என்றும், குளிர்காலத்தில் அதிகம் நீர் ஊற்ற வேண்டாம் என்றும் ஹிந்தியில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதன் கீழே அஸ்ஸாமிய மொழியில் எழுதியவள் என் மகள்.